குமாரவேலுக்கு மட்டும் விட்ட வார்த்தை

...அதெப்படி அவனுக்கு மட்டும் விட்டார்கள், அம்புரோஸ் எழுதினால் ஒரு ‘வெரி’யாவது பிழைத்ததுண்டா, யுத்தகாலத்திலிருந்து இங்கிலீஷ் பேப்பருக்குத் துறைமுகச் செய்தி எழுதுகிறான், ‘வெரி ஹெவி’ என்று எழுதிக் கொடுத்தால் வெறும் ‘ஹெவி’யாக அச்சாகும், ‘டெரிபிள்’ என்றால் சப் எடிட்டரின் நீலப் பென்சில் ஒரே இழுப்பு, கேட்டால், நிருபர் கத்தக் கூடாது மிஸ்டர் அம்புரோஸ், கத்துவதெல்லாம் பாதிக்கப்பட்டவன் கத்தட்டும், மேற்கோளுக்குள் போடும், நான் தொடமாட்டேன் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்துவார், சரி, பாடம் கேட்டாயிற்று, ஆனால் நேற்று முளைத்த குமாரவேலுக்கு அது எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது? காலடிப்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து அம்புரோஸ் பேப்பரைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரம்மா இரண்டு தரம் முறைத்துவிட்டாள். தண்டையார்பேட்டைக் கிடங்குகளுக்குப் பின்னால் குடிசைகள் எரிந்த செய்தி, இரண்டு பேருமே எழுதிக் கொடுத்தார்கள், அச்சானது குமாரவேலுடையது.

அதிலும் என்ன இருக்கிறது, எரிந்த நேரம், வந்த வண்டிகள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் சப்பென்ற இங்கிலீஷ், கடைசியில் மட்டும் பட்டம்மாள் என்ற பெண், ‘நத்திங், சார். நத்திங் அட் ஆல்’ என்று சொன்னதாக ஒரு வரி. ஒன்றுமே மிச்சமில்லையாம்; மேற்கோளுக்குள் இருந்ததால் பென்சில் தொடாமல் விட்ட அந்த ‘அட் ஆல்’! அம்புரோஸ் அனுப்பியதில் ‘அட்டர்லி’ இருந்தது, ‘மோஸ்ட்’ இருந்தது, ‘இன்டீட்’ இருந்தது, எல்லாம் போட்டு அடித்து எழுதினான், மொத்தமாகக் குப்பைக்கூடைக்குப் போயிற்று. மாதக் கடைசியில் ஒருவனைத்தான் துறைமுக நிருபராக நிரந்தரம் செய்யப் போகிறார்கள், யாரை என்று இனி ஜோசியம் பார்க்க வேண்டுமா என்ன, நேற்று ஆபீசில் எல்லாரும் குமாரவேலின் தோளைத் தட்டினார்கள், அம்புரோஸும் தட்டினான், தட்டிய கை இன்னும் கூசுகிறது. வயிறு எரிகிறது, ஆமாம், எரியத்தான் செய்கிறது, அதற்கென்ன இப்போது? ஆனால் ராத்திரி படுக்கையில் ஒன்று தோன்றியது... குடிசை எரிந்த பெண் அத்தனை கூட்டத்தில், அத்தனை கூச்சலில், இவனுக்கு வாகாக ஒரு வரி எடுத்துக் கொடுத்தாளா? இட்டுக்கட்டியிருப்பான். பயல் இட்டுக்கட்டித்தான் இருப்பான். அவளே இல்லையென்று சொல்லிவிட்டால் போதும், ஆபீசில் ஒரு வார்த்தை, குமாரவேலின் சீட்டு கிழிந்தது.

தண்டையார்பேட்டையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனான். கரிவாடை இன்னும் போகவில்லை. பட்டம்மாள் கிடங்குச் சுவரோரம் சாக்கைக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு, நசுங்கிய அலுமினியக் குண்டானை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர்காரன் என்று சொன்னதும் உட்காரச் செங்கல் ஒன்றை நகர்த்திப் போட்டாள். அவன் சுற்றி வளைக்கவில்லை, அன்றைக்கு வந்த தம்பியிடம் நீ என்னம்மா சொன்னாய் என்று நேராகவே கேட்டான், ஏசுவே, இல்லையென்று சொல்லட்டும்...

“நானு இன்னாத்த சொன்னேன் நைனா,” என்றாள் அவள். “வாயே வரல எனக்கு. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் நின்னுகினு இருந்துச்சு, அப்பால பூட்ச்சு.”

வந்துவிட்டது! அம்புரோஸ் எழுந்துவிட்டான், செங்கல் சாய்ந்தது, இனி ஆபீசுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. அவள் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள்.

“யார்டுல வேல செய்ற மாமு ஒண்ணு பேப்பர பட்ச்சி தமிழ்ல சொல்லுச்சு. நான் சொன்னேன்னு அதுல போட்டுகீதாமே. அத்தக் கேட்டப்புறந்தான் நைனா எனக்கு அழுவையே வந்துச்சு. அதுவரிக்கும் கல்லு கணக்கா குந்திகினு இருந்தேன்.”

ஆபீசுக்குப் போகும் பாரிமுனை பஸ்ஸில் எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. சார், அவள் அப்படிச் சொல்லவே இல்லை, அவன் கட்டிய கதை... வரி தயாராக இருந்தது, இதில் எந்தப் பென்சிலும் கைவைக்க முடியாது, சொன்னால் பயல் ஒழிந்தான், இடம் தனக்கு. ஆனால் இத்தனை வருஷத்தில் தான் எழுதிய வெரி, டெரிபிள், அட்டர்லி எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கினாலும் ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது அழுதிருப்பாளா? தானும்தான் அன்றைக்கு அங்கே போனான், அவள் வாய் வராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான், பேசாதவளிடம் என்ன செய்தி என்று பெயர்கூடக் கேட்காமல் தாண்டிப் போனான். குமாரவேல் நின்றான். பொய்தான், சுத்தப் பொய், நாளைக்கே சொல்லிவிடலாம், இன்றைக்கே சொல்லலாம்... ஆனால் அந்தப் பொய் தனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. பாரிமுனை வந்துவிட்டது என்று கண்டக்டர் இரண்டாம் முறையாகச் சொன்னான், அம்புரோஸ் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.