ஏழாம் எண்ணும் மாமனார் மீசையும்

பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகையை ஓட்டும் புரோகிராம் மாப்பிள்ளையின் கைவண்ணம். நிலைய மேலாளர் அவருடைய மாமனார். முதலில் மீசை உள்ளே வரும். கால்மணி நேரம் கழித்து மாமனார் வருவார். அவ்வளவு நீளம், அவ்வளவு கறுப்பு.

புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய, அது ஒரு கோப்பில் குறிப்பு எழுதும்படி மாப்பிள்ளை வைத்திருந்தார். தான் மட்டும் படிப்பதுதானே என்ற தைரியத்தில் குறிப்புகளில் மாமனாரை வம்புக்கு இழுத்திருந்தார்.

அன்று காலை அந்தக் குறிப்பு பலகையிலேயே ஓடியது: 'எல்லாம் சரி. மீசை வந்தாச்சு, வேலை செய்கிற மாதிரி நடி.'

நிலையமே சிரித்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்து இரண்டு பேருந்துகள் கிளம்ப மறுத்தன.

மாமனார் புயலாக நுழைந்தார். "மாப்பிள்ளை! யாரு மீசை?"

"பொதுவா சொன்னது மாமா."

"இங்க என்னை விட்டா பூனைக்குத்தான் மீசை இருக்கு!"

மாப்பிள்ளை அவசரமாகக் கோளாறைத் தேடிப் பிடித்து மாமனாருக்கு விளக்கினார். குறிப்புக் கோப்புக்குக் கணினி கொடுத்திருந்த எண் ஏழு. புரோகிராமின் ஒரு பகுதி கோப்பை மூடிவிட, காலியான அந்த ஏழாம் எண்ணைக் கணினி பலகையின் இணைப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. இன்னொரு பகுதிக்குச் சேதி தெரியாது. பழைய கோப்புதான் என்று நம்பி ஏழில் எழுதிக்கொண்டே இருந்தது.

"காலி பண்ணின வீட்டுக்குப் பழைய சாவியோட போய்க் குளிக்கிற மாதிரியா?"

"அதேதான் மாமா. புதுசா குடி வந்தவங்க பாத்துட்டு நிக்கிறாங்க."

"அடுத்த குறிப்பு என்ன?"

பேருந்து எதுவும் வராமல் பலகை சும்மா இருந்தால் வரவேண்டிய வாசகம் மாப்பிள்ளைக்கு மனப்பாடம்: 'வேலை இல்லை. மாமா மீசைக்கு மை அடிக்கப் போயிருக்கிறார்.' மை விஷயம் வீட்டுக்குள் பூட்டி வைத்த ரகசியம்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றபடி விசைப்பலகையில் பாய்ந்தார். கோப்பை மூடிய கையோடு புரோகிராமே அதன் எண்ணை அழித்து, 'செல்லாது' என்று குறிக்க வைத்தார். இனி எண்ணுக்கு ஆளுக்கொரு நகல் கிடையாது. இரண்டு பகுதிகளும் ஒரே இடத்தில் கேட்டுத்தான் எழுத வேண்டும். புரோகிராமை மறுபடி ஓடவிட்டார்.

வெளியே ஒரு பேருந்தும் இல்லை. பலகை சும்மா இருந்தது. குறிப்பு கிளம்பியது, 'எண் செல்லாது' என்று தடுக்கப்பட்டு, மாப்பிள்ளையின் திரையில் மட்டும் விழுந்தது. முழுசாக.

மாமனார் குனிந்து படித்தார். அறையில் மின்விசிறி சுற்றவே பயந்தது.

"பலகைக்குப் போகலையே?"

"சத்தியமா போகலை மாமா."

மாமனார் கதவைச் சாத்திவிட்டு வந்து, காதோரம் குசுகுசுத்தார்.

"வெயில்ல பாத்தா மை லேசா செவப்படிக்குதுன்னு உங்க அத்தை சொல்றா. நிஜமாவா மாப்பிள்ளை?"