பின்பக்கச் சுவர்

பேருந்து மைதானத்தை நெருங்கும்போதே பயிற்சியாளர் அயிட்டே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலுக்கு நேர் எதிரே யோரிஸ் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்து, கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து இந்தப் பொன்சுரங்க ஊர்வரை குண்டும் குழியுமான சாலையில் குலுங்கி வந்த களைப்பையும் மறைத்துக்கொண்டு, கையை ஆட்டினார். பெல்ஜியத்தில் ஒரு பெரிய கால்பந்து கிளப்புக்கு ஆள் எடுப்பவர். விளையாட்டுக்காரனைப் பார்க்க வரவில்லை, பயிற்சியாளரைப் பார்க்க வந்திருந்தார். அயிட்டேயின் வாழ்க்கையில் அப்படி ஒருவர் வருவது இதுதான் முதல்முறை.

ஐரோப்பாவில் எந்தக் கிளப்பை எடுத்தாலும் அக்ரா பையன், டாக்கர் பையன், லாகோஸ் பையன் என்று யாராவது ஓடிக்கொண்டிருப்பான். கோட்டு போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நின்று கத்துகிற பயிற்சியாளர் மட்டும் ஒருநாளும் அவர்கள் ஜாடையில் இருந்ததில்லை. அயிட்டே இப்போதெல்லாம் டிவியில் பந்தைப் பார்ப்பதில்லை, அந்தக் கோட்டுக்காரரைத்தான் பார்க்கிறார். ஜெர்மனியில் அவரோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு அணியின் முன்னால் நிற்கிறார்கள். பழைய சிநேகத்தில் எப்போதாவது போன் செய்வார்கள். நலம் விசாரித்து முடித்ததும், "நல்ல வேகமான பையன் யாராவது இருக்கானா?" என்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் அவரும் போனை எடுப்பார்.

கிளம்பும் முன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி தேடே சொன்னாள்: "லாமிலே அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷன் மாதிரி கேட் வழியா உள்ள போங்க. வெள்ளைக்காரன் பாக்க வர்றான். சுவரேறிக் குதிச்சா திருட வந்திருக்கான்னு நினைச்சுக்கப் போறான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் எந்த அணியும் அந்த ஊர்க்காரன் வாசலை மிதிக்காது. வாசலில் என்ன சூனியத்தைப் புதைத்திருப்பானோ, என்ன தெளித்திருப்பானோ. பேருந்திலேயே உடை மாற்றிக்கொண்டு பின்பக்கச் சுவர் ஏறி உள்ளே குதித்துவிடுவார்கள். அயிட்டேக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் முந்தின நாள் புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்களிடம், நாளைக்கு எல்லாரும் வாசல் வழியாகத்தான் போகிறோம் என்று கறாராகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியவர் சொன்னால் தலையாட்டுவது மரியாதை, அதற்கும் செய்வதற்கும் சம்பந்தமில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நம்பித் தொலைத்தார்.

பேருந்து நின்றது. ஒருவனும் இறங்கவில்லை. கேப்டன் சக்காரி எழுந்து வந்தான்.

"கோச், வாசல்ல தண்ணி தெளிச்சிருக்கான். மழையே இல்ல."

"கழுவி விட்டிருப்பாங்கடா."

"நம்ம கிரவுண்ட் வாசலை நாம என்னிக்குக் கழுவினோம்?"

அயிட்டே வாசலின் ஈரத்தைப் பார்த்தார். சக்காரி குரலைத் தாழ்த்தினான். "நீங்க கேட் வழியா போங்க கோச். அவரு எதுக்கு வந்திருக்காருன்னு எங்களுக்குத் தெரியும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

அதுதான் அவரை அறுத்தது. சண்டை பிடித்திருந்தால் கோபத்திலாவது விறுவிறுவென்று வாசல் வழியே போயிருப்பார். பின் இருக்கையில் கோல்கீப்பர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த ஈரத்தை அவர் மிதித்துவிட்டுப் போய் நின்றால், ஆட்டம் முழுக்க அந்தப் பையன் பந்தைப் பார்க்க மாட்டான், அவர் காலைத்தான் பார்ப்பான். பயிற்சியாளர் வேலை என்பதே இதுதானே என்று அவருக்குத் தோன்றியது. யோரிஸைப் பார்த்து, சுற்றி வருகிறேன் என்று கையால் சைகை காட்டினார்.

அவர் உள்ளே குதித்தபோது வெள்ளைச் சட்டையில் செங்கல் தூளும் பாசியும் அப்பியிருந்தன. யோரிஸ் உட்புறமாக நடந்து அங்கே வந்துவிட்டிருந்தார். படமெடுக்கத் தூக்கியிருந்த போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் இழுபறியாகவே போயிற்று. இடைவேளைக்குப் பிறகு அயிட்டே இடது ஓரத்துப் பையனை நடுவுக்குக் கொண்டுவந்து, சக்காரியைப் பின்னால் இழுத்தார். அதிலிருந்து உள்ளூர் அணிக்குத் தலைகால் புரியவில்லை. முடியும் தறுவாயில் அந்த நடுவுப் பையனே கோல் அடித்தான். கோல்கீப்பர் ஒரு பந்தையும் விடவில்லை.

கூட்டம் வெளியேறியதும் யோரிஸ் அவரைப் படிக்கட்டு நிழலுக்குக் கூட்டிப்போனார். "அந்த இடது ஓரத்துப் பையனை மாத்தினீங்களே, எங்க கோச்சுக்கு அது தோணியே இருக்காது," என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். "எங்க அணியில ஆப்பிரிக்கப் பசங்க ஏழெட்டுப் பேர் இருக்காங்க. குளிர்லயும் தனிமையிலயும் தவிக்கிறாங்க. அவங்களைப் பாத்துக்க உங்களை மாதிரி ஒருத்தர் வேணும். நல்ல சம்பளம்."

"பயிற்சியாளராவா?"

"அவங்களுக்குத் துணையா."

அயிட்டே சட்டையிலிருந்த பாசியைச் சுரண்டினார். "நான் கேட் வழியா வந்திருந்தா?"

யோரிஸ் நல்ல மனிதர். அவருக்குப் பொய் வரவில்லை. "கிளம்பறதுக்கு முன்னாடியே மீட்டிங்ல கோச் வேலைக்கு உங்க பேரைச் சொன்னேன். யாரும் சிரிக்கல. எதிர்க்கவும் இல்ல. அடுத்த பேருக்குப் போயிட்டாங்க."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம்?"

"உங்களை வெறுங்கையோட விட மனசு வரல."

கோபம் வரும் என்று அயிட்டே காத்திருந்தார். வரவில்லை. தன்மேல்தான் எரிச்சல் வந்தது. இதற்காகவா நேற்று அந்தப் பையன்களை வாசல் வழியாக வரச் சொன்னோம் என்று கூசிப்போனார். சுவர் ஏறியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பையன்களையாவது இழக்கவில்லை என்றும் நினைத்துக்கொண்டார். வேலை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அப்படி நினைத்தோம் என்று வருத்தமாகவும் இருந்தது.

சக்காரி ஓடி வந்தான். "கோச், தோத்த கடுப்புல வாசல்ல கல்லெறியறாங்க. போலீஸ்காரங்க கேட்டைப் பூட்டிட்டாங்க. வந்த வழியே போயிடலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க."

பையன்கள் ஏற்கெனவே சுவரில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். யோரிஸ் சுவரை அண்ணாந்து பார்த்தார். உச்சியில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பர் பல்லைக் காட்டினான். "பயப்படாம ஏறுங்க சார்! பேயெல்லாம் கேட்லதான், இந்தப் பக்கம் வராது!"

பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். யோரிஸும் சிரித்தார். ஆனால் சுவரில் கால் வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அயிட்டே சுவரோரம் குனிந்து, விரல்களைக் கோத்துக் கைகளை ஏந்தினார்.

"உங்க கைமேலயா?"

"ஷூவோடயே வைங்க. பரவால்ல."

கனமான மனிதர். அயிட்டே மூச்சைப் பிடித்துத் தூக்கினார். மேலிருந்து கோல்கீப்பரும் சக்காரியும் இழுத்துக்கொண்டார்கள். சுவர்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, யோரிஸ் மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து கையை நீட்டினார்.

"நீங்க வாங்க. ஆமா, பதிலே சொல்லலையே?"

அயிட்டே நிமிரவில்லை. ஏந்திய கைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் செம்மண், அதில் காலணியின் வரிவரியான அச்சு. மேலே அந்தக் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.