விதியில் பிழையில்லை

அருணாசலத்தின் மெயில் வெளியே போகவில்லை. அலுவலகத்துக்குள் யாருக்கு அனுப்பினாலும் போயிற்று. வெளி முகவரி என்றால் மட்டும், பாதுகாப்பு விதியின்படி தடுக்கப்பட்டது என்று ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றது. தாரிணி வந்ததும் அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குத் திருப்பிவிட்டு, பக்கத்துத் தடுப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.

"காலைலயிருந்து இப்படித்தாம்மா. திருநெல்வேலி பிரஸ்காரர் போனுக்கு மேல போன் அடிக்காரு. எந் தங்கச்சி லலிதா கல்யாணப் பத்திரிகை. பாத்துட்டுச் சரின்னு ஒரு மெயில் போட்டா அச்சுக்குக் கொடுத்துருவாரு. அது போவ மாட்டேங்கு."

"பாத்துடலாங்ணா."

அந்தக் கம்பெனியின் கணினிகளுக்கெல்லாம் பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக்கொள்வது தாரிணியின் குழு. எந்த மெஷினில் பென் டிரைவ் திறக்கலாம், எதிலிருந்து வெளியே கோப்பு போகலாம் என்பதெல்லாம் அவர்கள் போடும் விதிதான். அவ்வப்போது ஏதாவது ஒரு மெஷின் தவறான பிரிவுக்குள் போய் விழுந்துவிடும்; எடுத்து உரிய இடத்தில் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அன்று காலையிலிருந்தே வெவ்வேறு தளங்களிலிருந்து இதே புகார் வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு பென் டிரைவ், ஒருவருக்கு மெயில். புதிய அப்டேட் ஏதோ கெடுத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

அருணாசலத்தின் மெஷினைப் பழைய பிரிவுக்கு மாற்றினாள். சிவப்புக் கட்டம் மறைந்தது. "ஆஹா" என்று அவர் குனிவதற்குள் திரை ஒருமுறை சிமிட்டியது. கட்டம் திரும்ப வந்துவிட்டது. மறுபடி மாற்றினாள். மறுபடி வந்தது. கெட்டுப்போன விதி இப்படி நடந்துகொள்ளாது. யாரோ வேண்டுமென்றே, இந்த மெஷின் இங்கேதான் இருக்க வேண்டும் என்று மேலிருந்து பூட்டியிருக்கிறார்கள்.

"சார்கிட்ட கேட்டுட்டு வந்துர்றனுங்ணா," என்று எழுந்தாள்.

ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த புதிதில், தெலுங்கும் வராமல் இந்தியும் வராமல் கேண்டீனில் தட்டோடு தனியாக நின்றவளை, அவள் போனில் அம்மாவிடம் பேசியதை வைத்துத் தமிழ் என்று கண்டுபிடித்து, தன் மேஜைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தவர் அருணாசலம். அன்று முதல் அண்ணன்தான்.

குழுத் தலைவர் வேணுகோபால் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஹைதராபாத்திலேயே, காஞ்சன்பாக்கில் பிறந்து வளர்ந்தவர். பதற்றம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"நக்கோ, வேண்டாம் தாரிணி. அதைத் தொடாதே. வந்த புகார் டிக்கெட் எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிடு."

"யாரோ ரூலைத் தப்பாப் பூட்டி வெச்சிருக்காங்கங் சார். நான் மாத்த மாத்த..."

"தப்பு இல்ல. நேத்து சாயங்காலம் நான்தான் போட்டேன். எச்.ஆர். சொன்னாங்க. அந்த மெஷின்காரங்களையெல்லாம் இன்னிக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வேலைய விட்டு அனுப்பப் போறாங்க. அதுக்குள்ள யாரும் எதையும் வெளிய எடுத்துடக் கூடாதாம்."

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்த நாளிலிருந்து கேண்டீனில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான். அது இப்படி வரும் என்று தாரிணிக்குத் தெரியவில்லை.

"அருணாசலம் அண்ணனுமுங்களா?"

வேணுகோபால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "என் பேட்ச்மேட் ஒருத்தனும் அந்த லிஸ்ட்ல இருக்கான். சொல்ல முடியுமா நான்? நீ சொன்னேன்னு தெரிஞ்சா உன்னையும் சேர்த்து அனுப்புவாங்க. வாயைத் திறக்காதே."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தவள் முதலில் செய்தது, பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தன் மெஷினில் செருகியதுதான். திறந்தது; அவள் மெஷினைப் பூட்டவில்லை. ஊரில் எடுத்த போட்டோக்கள் வரிசையாக விரிந்தன. நெஞ்சு லேசாகிப் பெருமூச்சு ஒன்று வந்தது. வந்த பிறகுதான் அந்த மூச்சு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பென் டிரைவைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டு மூடினாள்.

போன் அடித்தது. "ஏம்மா, சார் என்ன சொன்னாரு? பிரஸ்காரர் மிஷின நிப்பாட்டிட்டு நிக்காராம்."

போனிலேயே ஏதாவது சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். அவள் மாடியேறிப் போனாள்.

திரையில் பத்திரிகை திறந்திருந்தது. மஞ்சள் ஓரம், மேலே பிள்ளையார், இரண்டு குடும்பத்துப் பெயர்கள். அப்பா இல்லாததால் தங்கையின் கல்யாணத்துக்கு அழைப்பவர் அருணாசலம். அவர் பெயருக்குக் கீழே எம்.சி.ஏ., அதற்கும் கீழே கம்பெனியின் பெயரும் ஹைதராபாத்தும். பெரிய எழுத்தில் இருந்தது.

"அம்மாதான் கொட்டை எழுத்துல போடச் சொன்னா," என்று சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுல அதைப் பாத்துத்தான சம்மதிச்சாங்க. என்னம்மா, சரியாயிருமா?"

தாரிணி திரையைப் பார்த்தாள்.

"போன்ல சொல்லி அச்சடிக்கச் சொல்லிடுங்ணா. மெயில் இனிப் போகாதுங்."

"இனியா?"

"அண்ணா... கம்பெனி பேர மட்டும் எடுத்துடச் சொல்லுங்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவளைப் பார்த்தார், சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார், எட்டி அடுத்த வரிசையில் தலை கவிழ்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, அருணாசலம் பேசுதேன். எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு திருத்தம். எம் பேருக்குக் கீழ கம்பெனி பேரு இருக்குல்லா, அத எடுத்திருங்க." மறுமுனை ஏதோ கேட்டது. "இல்ல, வேற ஒண்ணும் போடாண்டாம். எடம் காலியா கெடந்தா கெடக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, "நீ போம்மா. இங்க நிக்காத. யாராவது பாப்பாங்க," என்றார். அவள் நகர்வதற்குள் அவர் மேஜை போன் அடித்தது. அவர் உடனே எடுக்கவில்லை. நான்கைந்து முறை அடித்த பிறகு எடுத்து, "வரேன் சார்," என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குத் தாரிணி போகவில்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருந்த பெரிய கண்ணாடி ஜன்னலருகே நின்றிருந்தாள். கீழே, கேட்டுக்கு வெளியே, முதுகுப்பையோடு அருணாசலம் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடமும் கம்பெனி பஸ்ஸில் வந்து கம்பெனி பஸ்ஸில் போனவர். அந்த நேரத்தில் வீடு இருக்கும் அல்வாலுக்கு எதில் போவது என்று தெரிந்திருக்காது. ஷேர் ஆட்டோக்கள் அவர் முன்னால் மெதுவாகி, டிரைவர் தலையை நீட்டி ஏதோ கேட்டு, பதில் வராமல் நகர்ந்துபோயின. வெயில் தார்ச்சாலையில் நெளிந்தது. உள்ளே வர ஒரு கார் திரும்பியது. கேட்டிலிருந்த செக்யூரிட்டி ஓடிவந்து அவர் தோளை மெல்லத் தொட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அவர் தள்ளி நின்றார். கார் போன பிறகும் அங்கேயே நின்றார்.