ஹோபார்ட்டில் இரவு தங்கும் கப்பல்

ஆஸ்திரேலியாவின் வொலொங்காங்கில் பயண ஏஜென்சி நடத்தும் வெஸ்னாவுக்குக் கப்பல் சுற்றுலாதான் கைவந்த கலை. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் முதலில் கேட்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எப்படிப் பொழுது போகும் என்றுதான் கேட்பாள். அமைதி தேடுகிறவர்களைக் குழந்தைகள் கொட்டமடிக்கும் கப்பலில் ஏற்றிவிட்டால் ஆயுசுக்கும் திட்டுவார்கள்.

கார்த் பாஸ்கோவும் அவன் மனைவி நோயலீனும் வந்து உட்கார்ந்தபோதும் அதையே கேட்டாள். நோயலீன் வாயைத் திறப்பதற்குள் கார்த் முந்திக்கொண்டான். இரும்பாலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன். குரலில் இன்னும் அந்த அதட்டல் இருந்தது.

“நான் மீன் பிடிப்பேன். இவ கார்லயே உக்காந்திருப்பா. குளியல் தொட்டியில இறங்கினாலே இவளுக்குத் தலை சுத்தும். கப்பல் ஆசையெல்லாம் எனக்குத்தாம்மா.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பிப்ரவரியில் நியூ கலிடோனியா தீவுகள் பக்கம் போக வேண்டும் என்றான்.

வெளியே பார்க்கிங் அதிகாரி வருவதைக் கண்டதும் வண்டியை நகர்த்த எழுந்து ஓடினான். கதவு மூடியதுதான் தாமதம், நோயலீன் மேஜைமேல் குனிந்தாள்.

“ஹோபார்ட் போற கப்பல் இருக்கா? ராத்திரி அங்கயே தங்கறதா பாருங்க. நான் திரும்ப ஏறப் போறதில்ல.”

வெஸ்னாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அடிப்பாரா?”

“அடிச்சா யார்கிட்டயாவது காட்டலாமே. கார்ல பெட்ரோல் முள் எங்க நிக்குதுன்னு பாத்து வெப்பார். ஃபோன் அவர்கிட்ட. என் தங்கச்சி கோரலி ஹோபார்ட் பக்கத்துல ஹியூன்வில்ல துணிக்கடை வெச்சிருக்கா. அவ பேரை எடுத்தாலே வீடு ரெண்டாகும். லைப்ரரிலேருந்து அவகிட்டப் பேசிட்டேன்.”

“பிளேன் புடிச்சுப் போயிடலாமே?”

“பெட்டி கட்டினா எங்கடின்னு கேப்பாரே. கப்பல்னா தைரியமாக் கட்டலாம். சர்டிஃபிகேட்டு எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கலாம்.”

கார்த் திரும்பி வந்தபோது நோயலீன் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத் தொழிலில் வெஸ்னா யாரையும் ஏமாற்றியதில்லை. பிப்ரவரி புயல் காலம், சில தீவுகளில் கரை இறங்க முடியாமலே திரும்ப வேண்டியிருக்கும் என்றாள். அது பொய் இல்லை. ஹோபார்ட் இருக்கும் டாஸ்மேனியாத் தீவுக்குப் போனால் விஸ்கி வடிக்கும் இடங்களைச் சுற்றிப் பார்க்கலாம் என்றாள். அதுவும் பொய் இல்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே சொன்னாள்.

“டாஸ்மேனியான்னா அந்தப் பழைய ஜெயில் இருக்கே, போர்ட் ஆர்தர், அங்க போற கப்பலைப் போடு” என்றான் கார்த்.

அங்கே கப்பல் கரையைத் தொடாமல் தள்ளி நிற்கும்; சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை அடித்தால் அதுவும் கிடையாது; நோயலீன் தனியாக நழுவவும் வழியில்லை.

“ஹோபார்ட்ல இறங்கி பஸ்ல ஜெயிலுக்குப் போலாம். இந்தக் கப்பல் அங்க ஒரு ராத்திரி தங்குது. மொத நாள் விஸ்கி, மறுநாள் ஜெயில்” என்றாள் வெஸ்னா.

அவன் கண்ணைச் சுருக்கினான். “ஏன் இவ்ளோ தள்ளிவிடறே? இதுல கமிஷன் ஜாஸ்தியா?”

“ஆமா” என்று வெஸ்னா சட்டென்று சொல்லிவிட்டாள்.

கார்த்துக்கு ஏக குஷி. “புடிச்சேனா! நோயலீன், பாத்தியா? அப்போ விஸ்கி டூரை நீயே இனாமாக் குடு.” வெஸ்னா ஒத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்ட மிதப்பில் அவன் கையெழுத்துப் போட்டான். நோயலீன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கப்பல் புறப்பட்டதிலிருந்து வெஸ்னாவுக்கு வேலை ஓடவில்லை. முன்பின் தெரியாத குடும்பத்தில் கை வைத்துவிட்டோமோ? அவன் பிடித்துவிட்டால்? தெற்கே கடல் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொண்டாள். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கப்பல் சிட்னிக்குத் திரும்பிய மறுநாள் கார்த் தனியாக வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

“எங்க அவ?”

“யாரு?”

“நடிக்காதே. விஸ்கி குடிச்சிட்டு வந்து கேபின்ல தூங்கிட்டேன். எழுந்து பாத்தா ஆளக் காணோம். கடல்ல விழுந்துட்டாளோன்னு கப்பல் பூரா தேட வெச்சேன். கடைசில, கப்பல் கெளம்பற நேரத்துல போலீஸ்காரன் வந்து சொல்றான், அவங்க பத்திரமா இருக்காங்க, வர விருப்பமில்லையாம்னு. எம் மூஞ்சிக்கு நேராவே!” கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்தது. கப்பல் முழுக்க அவன் அலைந்த அந்த நேரத்தை வெஸ்னா நினைத்துப் பார்த்தாள். இரக்கம் வந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

“தங்கச்சிக்காரிகிட்டதான் இருப்பா. ஹோபார்ட்டுக்கு டிக்கெட் போடு. நாளைக்கே.”

“போட மாட்டேன்.”

“என்னது?”

“என் கடை. போட மாட்டேன். வெளிய போங்க.”

அவன் நாற்காலியைத் தள்ளியதில் அது சுவரில் போய் மோதியது. “டிக்கெட்டு விக்க நீ ஒருத்திதான் இருக்கியா?” என்று கத்திவிட்டுப் போனான்.

வெஸ்னா கதவைப் பூட்டிவிட்டு, ஹியூன்வில் துணிக்கடைகளைத் தேடிப் போன் போட்டாள். இரண்டாவது கடையில் எடுத்தவள் கோரலி.

“நீங்க யாரு? அவர் அனுப்பின ஆளா?” என்று சீறினாள். வெஸ்னா விஷயத்தைச் சொன்னதும் போன் கை மாறியது.

“கெளம்பிட்டாரா?” நோயலீன்தான்.

“டிக்கெட் கேட்டார். நான் தரல. வேற எங்கயாவது வாங்கிடுவார்.”

“வாங்குவார்.” நோயலீன் தொடர்ந்தாள். “நேத்தே கோர்ட்டுல, அவர் கிட்ட வரக் கூடாதுன்னு தடை உத்தரவு கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம். இன்னும் வரல. இன்னைக்கு வீடு மாறிடறோம். கோரலிக்குத் தெரிஞ்சவங்க பண்ணை ஒண்ணு இருக்கு. எங்கன்னு உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதீங்க.”

“பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குக் காலைல கோரலி காரை நானே ஓட்டிட்டு கடைக்கு வந்தேன். முள்ளை யாரும் பாக்கல.”

போனை வைத்ததும் வெஸ்னா காவல் நிலைய எண்ணை அழுத்தி, அவன் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு ஜன்னலோரம் நின்று பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், வண்டியைக் கிளப்பாமல், கார்த் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவன் போகும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை.