ஏழு விண்ணப்பங்கள்

கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது ரைஹான் எட்டு எந்திரங்களை எழுப்பிவிட்டிருந்தாள். மூன்று பாக்கி. நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தின் பின்னறையில் கணப்பு வேலை செய்யவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போக, அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினாள். எந்திரங்களின் காற்றாடிகள் கரித்தூளை வாரி அவள் முகத்திலேயே துப்பின.

எல்லாவற்றுக்கும் ஒரே நோய். லினக்ஸ் இயங்குதளம் கெர்னல் என்ற தன் மையநிரலைப் புதுப்பிக்கும்போது, பழையதையும் எந்திரம் எழ உதவும் பூட் பகுதியில் விட்டுவைக்கும். அந்தச் சின்ன இடத்தில் மூன்று கெர்னல்தான் கொள்ளும். நான்காவது வந்தபோது பாதி எழுதி, இடமில்லை என்று நின்றுபோனது. ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு தடவை மின்சாரம் போய்த் திரும்பினால், எந்திரம் அந்த அரைகுறைக் கெர்னலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கும்; முடியாமல் கருந்திரையோடு செத்துக் கிடக்கும்.

மூன்று நாளைக்கு முன் அதுதான் நடந்தது. கீழ்த்தளத்தில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. விஷவாயுவை அளக்கும் மூன்றாம் எண் எந்திரம் எழவில்லை, சங்கு ஊதவில்லை. வாயு சேர்ந்தது தெரியாமல் யாரோ மோட்டாரை ஓட்ட, ஒரு பொறி. மூன்று பேர் வெந்தார்கள். அதில் ஒருவன் அவளுடைய தம்பி முகான். காரகந்தா நகர ஆஸ்பத்திரியில், முழங்கைவரை கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தலையணைமேல் தூக்கி வைத்தபடி படுத்திருக்கிறான்.

ஒன்பதாவது எந்திரத்தில் எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று பார்த்தாள். அதைத் தொட்டால் தீர்ந்தது. மற்ற பழையவற்றை ஒவ்வொன்றாக நீக்கினாள். இடம் வந்தது. பாதியில் நின்ற நிறுவலை முடுக்கிவிட்டு, பூட் பட்டியலைத் திரும்ப எழுதி, மறுதொடக்கம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். எழுத்துகள் மேலேறின. எந்திரம் உயிர்த்தது.

கதவு திறந்தது. சுரங்க இயக்குநர் அரிஸ்தான் கைரத்தோவிச், தோள்களில் பனியோடு, கையில் ஒரு தாளோடு நின்றார்.

"எட்டு மணிக்கு ஆள் இறங்கணும். முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு இருக்கு."

அவர் தாளை விசைப்பலகைமேல் வைத்தார். தௌலெத் பூட் பகுதியைச் சிறிதாக ஒதுக்கியதே விபத்துக்குக் காரணம் என்று அச்சடித்திருந்தது. தௌலெத் அவளோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன். மாதம் தவறாமல் பழைய கெர்னல்களைக் கழித்து இடம் பண்ணி வைத்தவன் அவன்தான். ஆள் குறைக்கிறோம் என்று இலையுதிர் காலத்தில் அவனை வெளியே அனுப்பினார்கள். அவன் வேலையும் இவள் தலையில் விழுந்தது.

"கையெழுத்துப் போடும்மா. உன் வேலைக்கு ஒரு குறையும் வராது."

"அவன் ஜெயிலுக்குப் போவான், அரிஸ்தான் கைரத்தோவிச்."

"இங்கே இல்லாதவன்தானே. யாராவது ஒருத்தன் பேரைச் சொல்லித்தானே ஆகணும்."

"என் தம்பி கை ரெண்டும் வெந்துபோச்சு."

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அவன் வைத்தியத்தைக் கம்பெனி பாக்கணுமா, வேண்டாமா? நீயே யோசி."

அவர் போனபின் அவள் தாளை ஒதுக்கி வைத்தாள். அவருடைய அலுவலக எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் சாவி அவளிடம் இருந்தது. ஒரே வரி போதும். பூட் பகுதி துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும். விற்பனை, ஏற்றுமதி, அவர் மேசைமேல் இருக்கும் கணினி, ஒன்றும் நாளைக்கு எழாது. அந்த வரியை அடித்தும்விட்டாள்; என்டரைத் தட்டுவதுதான் பாக்கி. அவர் கருந்திரைமுன் நின்று விழிப்பதை நினைத்தபோது வயிற்றில் சூடான கஞ்சி இறங்கியதுபோல இருந்தது.

பிறகு அவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் உறைத்தது. இதைச் செய்தால் இந்த அரிஸ்தான் தேடும் குற்றவாளியை நானே கொண்டுபோய் நிறுத்துகிறேன். ஒரு நாள் கத்துவான். பிறகு என்னையும் தௌலெத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புவான். இல்லை, இவன் இவ்வளவு மலிவாகத் தப்பக் கூடாது.

வரியை அழித்தாள். பழைய கடிதக் கோப்பைத் திறந்து அச்சுப்பொறியை ஓடவிட்டாள். தௌலெத்துக்கு ஃபோன் செய்து, உடனே சுரங்கத்துக்கு வரச் சொன்னாள்.

தலைவிளக்கு வழங்கும் கூடத்தில் முதல் ஷிப்டுக்காரர்கள் எண்பது பேர் தலைக்கவசத்தோடு நின்றிருந்தார்கள். கிண்ணங்களில் உப்புத் தேநீர் ஆவி விட்டது. முகானின் குழுத் தலைவர் ஜக்சிலிக், நரைத்த மீசைக்காரர், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார். அவள் தாள்களை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வாசிங்கண்ணே. எனக்குக் குரல் வராது."

அவர் உரக்க வாசித்தார். பூட் பகுதி நிறைகிறது, கெர்னல் புதுப்பிப்பு தோற்கிறது, மின்சாரம் போனால் வாயு எந்திரம் எழாது, சுத்தம் செய்ய நான்கு மணிநேரம் நிறுத்தம் தாருங்கள். இலையுதிர் காலத்திலிருந்து அவள் அனுப்பிய ஏழு விண்ணப்பங்கள். ஏழின் அடியிலும் இயக்குநரின் கையெழுத்து, ஒரே பதில்: உற்பத்தி நிற்கக் கூடாது. ஏழாவதை அவர் முடித்ததும், ஒருவன் விளக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அடுத்தவன் வைத்தான். பிறகு எல்லோரும். இன்று யாரும் கீழே இறங்கப்போவதில்லை.

செய்தி கேட்டு இயக்குநர் வந்தார். கூட்டத்தைப் பார்க்காமல் நேராக ரைஹானிடம் போனார்.

"உனக்கு என்ன வேணும்?"

"மிச்ச ரெண்டையும் சரி பண்றேன். தௌலெத் பக்கத்துல உக்காரணும், பழைய வேலையில. அந்தத் தாளை நீங்களே கிழிக்கணும். அப்புறம் இந்த ஏழு விண்ணப்பத்தையும் நீங்க இங்க நின்னு வாசிக்கணும். உங்க பதிலோட."

"திமிரா?"

"ஆமா," என்றாள் ரைஹான்.

"நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் பண்ணா..."

"பண்ணுங்க," என்றார் ஜக்சிலிக். "இங்கேயே, எங்க முன்னாடி பண்ணுங்க. அந்த மூணு பேரும் எங்க ஆளு. கம்பெனி கைவிட்டா நாங்க பாத்துக்குவோம். அப்புறம் உங்களையும் பாத்துக்குவோம்."

இயக்குநர் ஃபோனை எடுக்கவில்லை. போலீஸ் வரும் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். வாசலில், மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த தௌலெத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ அவனுக்குத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள்.

ரைஹானுக்கு வஞ்சம் தணியவில்லை. அவர் வாசிக்கும் குரலைக் கேட்காமல் தணியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த எண்பது முகங்களிலும் அதே வஞ்சத்தைப் பார்த்தபோது, அவளும் ஒரு கிண்ணத் தேநீரை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தாள்.

மதியம் இரண்டாம் ஷிப்டின் பஸ் வந்தது. இறங்கியவர்களிடம் ஜக்சிலிக் தாள்களைக் கொடுத்தார். அவர்கள் நின்றபடியே வாசித்தார்கள். ஒருவனும் உடைமாற்றும் அறைக்குப் போகவில்லை. பெஞ்சில் இடமில்லாததால், கரிபடிந்த தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.