கோட்டில் விழுந்த பள்ளங்கள்

வரலாற்று வாத்தியாருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மதியம் கல்லூரிக் குழு கூடுகிறது. அவருடைய துறையை மூடுவதா வேண்டாமா என்று கைதூக்கப் போகிறார்கள். அந்தக் கல்லூரியில் அறிவியல் கட்டடமும் கலைக் கட்டடமும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. பார்த்தால் சிரிக்கும், பேசாது. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. மிச்சமிருப்பது ஒரே கை. அந்தக் கையைப் பிடித்துத்தான் அவர் கல்யாணமே செய்துகொண்டார்.

மனைவி நுண்ணுயிரியல் துறைத் தலைவி. எந்தப் பக்கம் என்று கேட்க வாய்வரை வரும். கேட்டால் சிபாரிசாகிவிடும் என்று விழுங்கிவிடுவார்.

அன்று பார்த்து அவளுடைய ஆய்வக உதவியாளருக்குக் காய்ச்சல். மனைவி அவரைக் கூட்டி வந்து ஆய்வகத்தில் உட்கார வைத்தாள்.

"நான் வகுப்பு முடிச்சிட்டு வர்ற வரைக்கும் இங்க உட்காருங்க. இன்குபேட்டர்ல பாக்டீரியா வளருது. சிவப்பு விளக்கு எரிஞ்சா கூப்பிடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"பேரரசுகளையே மேய்ச்சவன்மா நான்."

"எல்லாம் விழுந்த பேரரசுதானே?"

அவள் போனதும் உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார். இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். விதை போட்ட குழந்தை மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்க்குமே, அந்தக் கதைதான்.

திரும்பி வந்தவள் திரையில் ஓடிய வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தாள். கதவு திறந்த ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, கோட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"என்னங்க இது, பல்லு போன சீப்பு மாதிரி!"

"வளருதான்னு பார்த்தேன்."

"கண்ணுக்குத் தெரியவே நாளைக்காகும்! ஒரு வாரத்து வேலை போச்சு."

துறையும் போச்சு என்று நினைத்துக்கொண்டார். குழு மூடுவதற்கு முன்பே, நாமே கதவைத் திறந்து திறந்து மூடிவிட்டோம்.

அவள் கோபத்தோடு ஒரு பெரிய பள்ளத்தில் விரலை வைத்தாள். "இங்க என்ன ஆச்சு? ரொம்ப நேரம் திறந்திருக்கு."

"முதல்வர் வராந்தால போனாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு."

"இது?"

"வேலை போனா பசங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லிப் பார்த்தேன்."

விரல் மெதுவாக நகர்ந்தது. "கடைசி?"

"நீ எந்தப் பக்கம் கைதூக்குவேன்னு..."

அவள் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பள்ளம் எப்போ விழுந்துச்சுன்னுதான் மெஷின் சொல்லுது. ஏன் விழுந்துச்சுன்னு சொல்லலையே," என்றாள். பிறகு வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூட்டத்துக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பினாள்.

"மூடக் கூடாதுன்னுதான் கைதூக்கப் போறேன். துறை போயிட்டா நீங்க நாள் பூரா வீட்ல இருப்பீங்க. நம்ம ஃப்ரிட்ஜ் தாங்காது."

அவள் காலடிச் சத்தம் படியேறி மறைந்தது. அவர் கை தானாகவே இன்குபேட்டர் பக்கம் நீண்டது. சட்டென்று அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.