தலைப் பரீட்சை

பள்ளிக்கூடத்தில் நான் காப்பியடித்து ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. மாட்டாததால் நல்ல பிள்ளை என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டே பதினோரு வருஷம் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியாயிற்று. இப்போது சொல்லப்போவதும் ஒரு பரீட்சையில் செய்த தில்லுமுல்லுதான். ஆனால் இந்தப் பரீட்சையில் வேண்டுமென்றே குறைவாக மதிப்பெண் வாங்கவேண்டும்.

என் வேலை தடுப்பாட்டம். எதிரணி உயரத் தூக்கி அடிக்கிற பந்தையெல்லாம் எம்பி நெற்றியால் முட்டித் திருப்பி அனுப்புவேன். பயிற்சியில் மட்டும் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முட்டு இருக்கும். அதனால் அணியில் எனக்கு மண்டை என்று பட்டப்பெயர். "உள்ள ஒண்ணும் இல்லாததாலதான்டி பந்து அவ்ளோ தூரம் போகுது" என்பாள் பிசின்.

பிசின் எங்கள் கோல்கீப்பர். பந்து அவள் கைக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும். என் வயதுதான் அவளுக்கும். ஆறு வருஷமாக ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே சண்டை. ஆடுகளத்தில் எனக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். உயரமாக வரும் பந்தைத் தானே பிடிக்கப்போகிறாள் என்றால் "என்னுது" என்று ஒரு சத்தம் வரும். வந்தால் நான் குனிந்து வழிவிடவேண்டும், வராவிட்டால் நான் எம்பவேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் அணியின் டாக்டரம்மா எல்லாருக்கும் தலைப் பரீட்சை வைப்பார். உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய அறையில் ஆறு கணினிகள். திரையில் பன்னிரண்டு சொற்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். கொஞ்ச நேரம் கழித்து வேறு சொற்களோடு கலந்து காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்கும். பிறகு வட்டம், சதுரம், நிறம், எவ்வளவு வேகமாக விசையைத் தட்டுகிறாய் என்பது. கடைசியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும். பின்னால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. பழைய மதிப்பெண்ணை எட்டினால் மட்டுமே மறுபடி களத்தில் இறங்கலாம்.

ஆகவே பழைய மதிப்பெண் எவ்வளவு குறைவோ அவ்வளவு சௌகரியம். இதைக் கண்டுபிடித்த மேதை நான் இல்லை. நான் முதலில் ஆடிய அணியில் பாதிப்பேர் செய்ததைப் பார்த்துச் செய்யத் தொடங்கினேன். இரண்டு வாரம் வெளியே உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் நம் இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. போன வருஷம் பரீட்சை அன்று காலை, மாடிப்படியில் வைத்து இதைப் பிசினிடம் சொன்னேன்.

"டாக்டரம்மா பாவம்டி" என்றாள்.

"டாக்டரம்மாவா உனக்குப் பதிலா கோல்ல நிக்கப்போறாங்க? உனக்குப் பின்னால ரெண்டு பேரு கையுறைய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. தெரிஞ்சத தெரியாத மாதிரி தட்டு. அவ்ளோதான்."

அவள் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போனாள். எனக்கு அறுபத்து மூன்று வந்தது, அவளுக்கு ஐம்பத்தெட்டு. மதியம் சாப்பாட்டு மேசையில் "சாவின்னு காட்டினான். சாவியா, அப்படின்னா என்னன்னு தட்டிட்டேன். உன்னவிட நான் மக்குடி" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

நாலாவது ஆட்டத்தில் எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கால் பிசினின் நெற்றிப்பொட்டில் இடித்தது. வெளியே கூட்டிப்போனார்கள். ஆறாம் நாள் பரீட்சை வைத்தார்கள். அறுபது வாங்கினாள். அடிபட்ட தலையை வைத்துக்கொண்டு அவள் முழுமூச்சாகப் போராடி வாங்கிய அறுபது அது. டாக்டரம்மா தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது இருக்காம்மா?" என்று மூன்று தரம் கேட்டார். பிசின் மூன்று தரமும் இல்லை என்றாள். நான் அப்போது வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும். அறையில் பட்டப்பகலில் திரையை இழுத்துவிடச் சொன்னாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, பதில் வாங்கி, பல் துலக்கிவிட்டு வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்றாள். இரண்டு தடவையும் பதில் சொன்னேன். அக்கறை போலத் தெரிகிறது, இல்லையா? அவள் களத்தில் இல்லாவிட்டால் என் பின்பக்கம் திறந்துகிடக்கும், கோல் வாங்கினால் பழி தடுப்பாட்டக்காரி மேல்தான் விழும் என்ற கணக்கும் எனக்குள் ஓடியது. அந்த வாரம்தான் எனக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னர். பந்து உயரமாக வளைந்து வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. எம்பினேன். அவள் வந்திருந்தாள், வாயும் திறந்திருந்தது, சொல்தான் வரவில்லை. என் பின்மண்டை அவள் நெற்றியில் மோதியது. திரும்பிப் பார்த்தபோது பிசின் பந்தைத் தேடுகிறவள் போல இரண்டு கைகளாலும் புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். நிர்வாக அறை, கண்ணாடி மேசை, எதிரில் மூன்று பேர். மேசைக் கோடியில் டாக்டரம்மா தன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சீக்கிரம் ஆட எப்படி அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். "ரெண்டு மதிப்பெண்ணும் சரியா இருந்துச்சு. எங்க தப்புன்னு எனக்கே புரியல" என்றார். அப்புறம் மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரே ரூம்ல இருந்தீங்க. அவங்ககிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா? இந்த டெஸ்டப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லைங்க. எனக்கு எதுவும் தெரியாது."

பச்சைப் பொய். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. கூச்சமாக இருந்தது, ஆனால் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்தேன்.

டாக்டரம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றவரை என்னால் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை, வழி அது ஒன்றுதான். தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கும் பின்மண்டையில நல்லா பட்டுச்சே, யாராவது பாத்தாங்களா? விட்டுடாத. ஒரு தடவ காட்டிடு."

சரி என்று தலையாட்டினேன். பெட்டியைக் காரில் ஏற்றக்கூடக் கை கொடுக்காமல் நடந்தேன். அன்று பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது தன்பாட்டுக்குக் கிடந்தது, நான் மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிசின் இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். சன்னலுக்கு இரண்டு போர்வை தொங்கும். தட்டு கழுவுகிற சத்தம்கூட ஆகாது என்று அக்கா துணியை விரித்து அதன்மேல் பாத்திரத்தை வைப்பாள். நான் வாராவாரம் போகிறேன். "எல்லாரும் ஒரு தடவ வந்து தலையக் காட்டிட்டுப் போயிட்டாங்க. நீ ஒருத்திதான்மா விடாம வர்ற. கூடப்பிறந்தவளாட்டம்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்த கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியாது.

அக்கா அந்தப் பக்கம் போனதும் பிசின் மெல்லச் சொல்வாள்: "நான் யாருகிட்டயும் சொல்லலடி. பயப்படாத."

பத்து நிமிஷம் வேறு ஏதாவது பேசுவோம். சொன்னதை மறந்துபோய் மறுபடியும் என் காதருகே வந்து, "யாருகிட்டயும் சொல்லலடி, பயப்படாத" என்பாள். ஒரு தடவை போனால் நாலைந்து முறை கேட்பேன். கிளம்பி வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, நல்லவேளை சொல்லவில்லை என்றுதான் முதலில் தோன்றும். அழுகை அதற்கப்புறம்தான் வரும்.

இந்த வருஷப் பரீட்சை போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அதே அறை, அதே ஆறு கணினிகள், புது டாக்டர். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் உண்மையைச் சொல்லத் துப்பில்லை, இதிலாவது நேர்மையாக இருந்து தொலைக்கலாம் என்றுதான். எண்பத்தைந்துக்கு மேல் வரும், ஏன் திடீரென்று இவ்வளவு என்று அவர் கேட்டால் நன்றாகத் தூங்கி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

மேசை. கிளி. ஏணி. மழை. சாவி. உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனசில் பதியவைத்தேன். ஆறாவதாக ஒன்று வந்தது. ஏழாவது வந்தபோது ஆறாவதைக் காணோம். கலந்து காட்டியபோது கிளியைப் பார்த்தேனா குருவியைப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது. வட்டத்துக்குத் தட்டவேண்டிய விரல் சதுரம் வந்த பிறகு தட்டியது. கழுத்தெல்லாம் வியர்வை. இவ்வளவு சிரத்தையாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

டாக்டர் தாளை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "போன வருஷம் அறுபத்து மூணு. இந்த வருஷம் அறுபத்து ரெண்டு. ஒரு மாற்றமும் இல்லைங்க. நல்லா இருக்கீங்க. இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடவேண்டிய கோடு எதிரில் இருந்தது.

"போன வருஷத்து அறுபத்து மூணு பொய்ங்க" என்றேன். "வேணும்னே கம்மியா வாங்கினேன். பிசினுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். அந்த டாக்டரம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அவருடைய சிரிப்பு நின்றது. "அப்ப இந்த வருஷம்?"

"இது நிஜம்."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். சொன்னேன். மாடிப்படி, சாவி, பஸ் நேரம், கண்ணாடி மேசை எல்லாம் சொன்னேன். நடுவில் அவர் தலையை நிமிர்த்தி, "பரவாயில்லைங்க, இப்பவாவது சொல்லணும்னு தோணிச்சே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. பிசின் இருட்டறையில் கிடந்த எட்டு மாதமும் என் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா பெட்டியோடு நின்றபோதும் திறக்கவில்லை. என் மண்டைக்கு ஒன்று என்றதும் திறந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.